நெஞ்சு எரியவில்லை, குரல் மட்டும் கம்முகிறது: அமிலம்தான் காரணமா?

41 வயதுள்ள ஓர் ஆசிரியை எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விலக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

எட்டு மாதங்களாக அவருடைய குரல் சரியில்லை. காலையில் எழுந்ததும் கரகரக்கிறது. முற்பகலில் ஓரளவு தெளிகிறது. மாலை வகுப்புகள் முடியும்போது மீண்டும் கம்மிவிடுகிறது. தொண்டையில் ஏதோ உருண்டை சிக்கியிருப்பது போன்ற உணர்வு எப்போதும் இருக்கிறது, ஆனால் உணவோ தண்ணீரோ இறங்குவதில் தடையில்லை. சளி கட்டியிருப்பதாக நினைத்துச் செருமிக்கொண்டே இருக்கிறார். செருமினாலும் எதுவும் வெளிவருவதில்லை. நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ ஒருநாளும் வந்ததில்லை. புகைப்பழக்கம் கிடையாது, எடையும் குறையவில்லை.

இரண்டாவது மாதத்தில் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர், மூக்கு வழியாகக் குழல் செலுத்திப் பார்த்து, "குரல்வளையின் பின்பகுதி சிவந்திருக்கிறது, இரைப்பை அமிலம் மேலே ஏறுகிறது" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். நம் வாசகர் அதை மூன்று வாரம், நினைவு வந்தபோதெல்லாம், பெரும்பாலும் சாப்பிட்ட பிறகு விழுங்கியிருக்கிறார். பலன் தெரியாததால் தாமாகவே அளவை இரட்டிப்பாக்கி, பிறகு ஒரே நாளில் நிறுத்திவிட்டார். நிறுத்திய வாரத்தில் முதன்முறையாக நெஞ்சு எரிந்திருக்கிறது. அதைக் கண்டு "அப்படியானால் அமிலம்தான்" என்ற முடிவுக்கு வந்திருக்கிறார். ஆனால் பின்னர் எடுத்த இரைப்பை எண்டாஸ்கோபியில் எல்லாம் இயல்பு என்று வந்ததால் அந்த முடிவும் குலைந்தது. இதற்கிடையே ஒருவர் தண்ணீரில் வினிகர் கலந்து குடிக்கச் சொன்னார், இன்னொருவர் அறுவை சிகிச்சையே நிரந்தரத் தீர்வு என்றார். இணையத்தில் கிடைத்த ஒன்பது கேள்விகள் கொண்ட மதிப்பெண் தாளில் அவருக்கு 24 வந்திருக்கிறது. 13க்கு மேல் வந்தால் நோய் என்று அதில் போட்டிருக்கிறது.

அவர் கேட்பவை நான்கு. இது அமிலத்தால் வந்ததா? வாழ்நாள் முழுவதும் மாத்திரை எடுக்க வேண்டுமா? புற்றுநோயாக இருக்குமா? ஆசிரியப் பணியை விட்டுவிட வேண்டுமா? கடிதத்தின் அடியில், பொருட்படுத்த வேண்டாத செய்தியைச் சொல்வது போல, ஒரு வரி: "நேற்றிரவு சாப்பாட்டு மேசையில் நான் பதினாறு முறை செருமினேன் என்று மகள் எண்ணிச் சொன்னாள்."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மருத்துவனாகிய எனக்கு மிகவும் பயன்பட்டது அந்தக் கடைசி வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்களைக் குழப்பியிருக்கும் அமிலத்தைப் பற்றிப் பேசிவிடலாம்.

அமிலம் குரல்வளையை எப்படி எட்டுகிறது

உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். கீழே இரைப்பையோடு சேருமிடத்தில் ஒரு சுருக்குத்தசையும், மேலே தொண்டையோடு சேருமிடத்தில் இன்னொன்றும் இருக்கின்றன. கீழ்க்கதவு அவ்வப்போது தளர்ந்து இரைப்பையில் உள்ளது சற்று மேலேறுவது எல்லோருக்கும் நடப்பது. ஒரு நாளில் 40 முறைக்குள் அப்படி நடந்தால் அதை நோய் என்று நாங்கள் கருதுவதில்லை. உணவுக்குழாய் அதைத் தாங்கும்படி அமைந்திருக்கிறது. ஏறியதைத் தசை அலைகள் கீழே தள்ளிவிடுகின்றன; விழுங்கும் எச்சில் காரத்தன்மை உடையதால் மிச்சமிருப்பதைச் சமன்செய்துவிடுகிறது.

குரல்வளைக்கு இந்த வசதிகள் இல்லை. அதன் பின்சுவருக்கு நேர் பின்னால்தான் உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. மேல்கதவையும் தாண்டி வருவது துளியளவே ஆனாலும், ஆவியாகவே வந்தாலும், அது முதலில் படுவது குரல்வளையின் பின்பகுதியில். அங்கே அதை அலம்பித் தள்ளும் அலையும் இல்லை, சமன்செய்யும் எச்சிலும் குறைவு. இரைப்பைச் சாற்றில் அமிலத்தோடு பெப்சின் என்ற செரிமான நொதியும் இருக்கிறது. புரதத்தைச் சிதைப்பதுதான் அதன் வேலை. அமிலம் குறைந்த சூழலில் அது செயலிழந்து கிடந்தாலும் அழிந்துவிடுவதில்லை. திசுவில் ஒட்டியிருந்து, பிறகு அமிலம் பட்டால் மீண்டும் விழித்துக்கொள்ளக்கூடியது. அமிலத்தை மட்டும் குறைக்கும் மாத்திரை சிலருக்குத் தொண்டையில் பலன் தராததற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இன்னொரு வழியும் உண்டு. உணவுக்குழாய்க்கும் குரல்வளைக்கும் செல்வது ஒரே வேகஸ் நரம்பின் கிளைகள். ஆகவே அமிலம் உணவுக்குழாயின் அடியிலேயே நின்றுவிட்டாலும், அங்கே எழும் தூண்டல் இருமலாகவோ செருமலாகவோ மேலே வெளிப்படலாம். தொண்டையை ஒரு துளி அமிலம்கூடத் தொடாமல் தொண்டை தொல்லைப்படுவது இப்படித்தான். நெஞ்செரிச்சலே இல்லாமல் குரல் பாதிக்கப்பட இடமுண்டு என்று உங்கள் மருத்துவர் சொன்னது, ஆகவே, தவறன்று. 1991இல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேமி காஃப்மன் வெளியிட்ட விரிவான ஆய்வுக்குப் பிறகு இந்தக் கருத்து எங்கள் துறையில் வேரூன்றியது.

வேரூன்றியது மட்டுமல்ல, கொஞ்சம் அதிகமாகவே படர்ந்துவிட்டது என்று சொன்னால் என் சக மருத்துவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். ஒரு காலத்தில் காரணம் பிடிபடாத தொண்டைத் தொல்லை ஒவ்வொன்றுக்கும் நாங்கள் "அமிலம்" என்று எழுதி அனுப்பினோம். நானும் எழுதியிருக்கிறேன்.

சிவப்பு எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

குழல் வழியே தெரிந்த சிவப்பை நீங்கள் அமிலத்தின் கையெழுத்தாக எடுத்துக்கொண்டீர்கள். குரல்வளையின் பின்பகுதி சிவந்து சற்றுத் தடித்திருப்பது, எந்தத் தொந்தரவும் இல்லாத ஆரோக்கியமானவர்களிடமும் அடிக்கடி காணப்படுகிறது. ஒவ்வாமை, மூக்கின் பின்புறமாக வழியும் நீர், புகை, ஆஸ்துமாவுக்காக உறிஞ்சும் ஸ்டீராய்டு, நீடித்த இருமல் ஆகியவற்றாலும் அது வரும். குரலைப் பிசகாகப் பயன்படுத்தினாலும் வரும். ஓயாமல் செருமினாலும் வரும். ஒரே தொண்டையின் படத்தை இரண்டு மருத்துவர்களிடம் காட்டினால் சிவப்பின் அளவைப் பற்றி அவர்கள் ஒத்துப்போவார்கள் என்பதற்கும் உத்தரவாதமில்லை. எனவே அந்தச் சிவப்பு ஒரு சந்தேகத்துக்கு இடம் தருகிறது. அதைக் கொண்டு நோயை உறுதி செய்ய முடியாது.

எண்டாஸ்கோபி இயல்பாக இருந்ததால் அமிலமே இல்லை என்று நினைத்ததும் அதேபோல் அவசர முடிவுதான். எண்டாஸ்கோபி பார்ப்பது உணவுக்குழாயின் புண்ணை. அமிலம் ஏறுவதை அன்று. எதுக்களிப்பு, அதாவது இரைப்பையில் உள்ளது இப்படி மேலேறும் நோய், நிரூபிக்கப்பட்டவர்களிலும் பெரும்பாலோருக்குப் புண் இருப்பதில்லை. உங்கள் அறிக்கையிலிருந்து தெரிவது, புண்ணும் கட்டியும் இல்லை என்பது மட்டுமே. அது நல்ல செய்தி. உங்கள் கேள்விக்கு விடை அதில் இல்லை.

மாத்திரையை நிறுத்தியதும் வந்த நெஞ்செரிச்சலைப் பற்றி ஒரு வார்த்தை. அமிலச் சுரப்பை அடக்கும் மாத்திரையைச் சில வாரங்கள் எடுத்துவிட்டுச் சட்டென்று விட்டால், அடக்கி வைத்திருந்த சுரப்பு முன்பைவிட வேகமாகத் திரும்பும். நோயே இல்லாத தன்னார்வலர்களுக்கு எட்டு வாரம் கொடுத்து நிறுத்திப் பார்த்த ஆய்விலும் அவர்களில் பலருக்குப் புதிதாக நெஞ்செரிச்சல் வந்தது. உங்களுக்கு வந்ததும் பெரும்பாலும் அதுவே. அதை வைத்து உங்கள் குரலுக்கு அமிலம்தான் எதிரி என்று தீர்மானிக்க வேண்டாம்.

மதிப்பெண் தாளுக்கும் இது பொருந்தும். 2002இல் உருவான அந்தத் தாள் கரகரப்பு, செருமல், சளி, விழுங்குவதில் சிரமம், இருமல், உருண்டை உணர்வு போன்றவற்றை 0 முதல் 5 வரை மதிப்பிடச் சொல்கிறது, மொத்தம் 45. எதுக்களிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள கேள்வி ஒன்றே ஒன்றுதான், அதற்கு நீங்கள் சுழியம் போட்டிருப்பீர்கள். மற்ற எட்டும் ஒவ்வாமைக்காரருக்கும், குரலை அதிகம் உழைக்கவைப்பவருக்கும் பொருந்துபவை. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் தொல்லையின் அளவை ஒப்பிட அந்தத் தாள் உதவும். காரணத்தைக் கண்டுபிடிக்க உதவாது.

மாத்திரையைப் பற்றி

நீங்கள் மாத்திரையை எடுத்த விதம் சரியில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒமெப்ரசோல், பேன்டோபிரசோல், லான்சோபிரசோல் போன்றவை இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளித்தள்ளும் நுண்ணிய பம்புகளைத் தடுப்பவை. அந்தப் பம்புகள் இயங்கத் தொடங்குவது உணவு உள்ளே வரும்போது. அந்த நேரத்தில் மருந்து இரத்தத்தில் இருக்க வேண்டுமானால் சாப்பிடுவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பே விழுங்கியிருக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு நினைவு வந்தபோது எடுத்தால் பலனில் பெரும்பகுதி வீணாகிறது. தவிர, தொண்டைத் தொல்லைக்கு அது உதவுகிறதா என்று பார்க்க 8 முதல் 12 வாரம் தேவை. மூன்று வாரம் போதாது.

அப்படியானால் சரியான முறையில் மறுபடி தொடங்கலாமா என்று கேட்பீர்கள். இங்கேதான் நான் தயங்குகிறேன். பிரிட்டனில் தொடர்ந்த தொண்டைத் தொல்லை உள்ள 346 பேரிடம் நடத்தி 2021இல் வெளியான ஓர் ஆய்வில், பாதிப் பேருக்கு லான்சோபிரசோல் நாளுக்கு இரண்டு முறையும், மற்றவர்களுக்கு மருந்தில்லா வெற்று மாத்திரையும் 16 வாரம் தரப்பட்டன. நீங்கள் நிரப்பிய அதே தாளில் இரு சாராருக்கும் தொடக்கத்தில் சராசரியாக 22 இருந்தது. முடிவில் மருந்து எடுத்தவர்களுக்கு ஏறக்குறைய 17, வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு ஏறக்குறைய 16. இரு பக்கமும் முன்னேற்றம். மருந்தால் கூடுதலாக எதுவும் இல்லை. எதுக்களிப்பு இருப்பதாகச் சோதனையில் நிரூபிக்காமல், தொண்டை அறிகுறிகளை மட்டும் வைத்துச் சேர்க்கப்பட்டவர்கள் இவர்கள் என்பதைக் கவனியுங்கள். உங்கள் நிலையும் இப்போது அதுதான்.

இதையொட்டியே அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர்கள் அமைப்பின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல், நெஞ்செரிச்சல் போன்ற வழக்கமான அறிகுறி எதுவும் இல்லாமல் தொண்டைத் தொல்லை மட்டும் உள்ளவர்களுக்கு, மாத்திரைக்கு முன் எதுக்களிப்புச் சோதனை செய்யுமாறு பரிந்துரைக்கிறது. இரண்டும் சேர்ந்திருந்தால் மாத்திரையை முயன்று பார்க்கலாம் என்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்கான 2018ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதலும், குரல்வளையைப் பார்க்காமல் வெறும் குரல் கம்மலுக்காக அமில மாத்திரை எழுதக் கூடாது என்கிறது. உங்கள் மருத்துவர் குரல்வளையைப் பார்த்துவிட்டே எழுதினார். அந்த மட்டில் அவர் செய்தது முறையானது.

வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டுமா என்ற கேள்விக்கு விடை: இதுவரை தெரிந்தவற்றை வைத்துப் பார்த்தால், வேண்டாம். நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு பி12 வைட்டமினும் மக்னீசியமும் குறையலாம், சில குடல் தொற்றுகளுக்கு வாய்ப்புக் கூடலாம், எலும்பு முறிவோடும் ஒரு தொடர்பு பேசப்படுகிறது. தேவையுள்ளவருக்கு இந்த அபாயங்கள் சிறியவை, நன்மையே பெரிது. அப்படிப்பட்டவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை விட்டுவிடக் கூடாது. தேவை நிரூபிக்கப்படாதவருக்கோ சிறிய அபாயமும் அநாவசியம். அளவை நீங்களே இரட்டிப்பாக்கியதை மட்டும் இனிச் செய்யாதீர்கள். எடுப்பதானால் முழு முறையில் எடுத்து, நிறுத்துவதானால் மருத்துவரோடு பேசிப் படிப்படியாகக் குறையுங்கள்.

அறுவை சிகிச்சையை இப்போதைக்கு மறந்துவிடலாம். கீழ்ச்சுருக்குத்தசையை இறுக்கும் அந்தச் சிகிச்சை, சோதனையில் எதுக்களிப்பு உறுதியானவர்களுக்கு உரியது; அவர்களிலும் நெஞ்செரிச்சல் தீர்வதைப் போல் தொண்டைத் தொல்லை நிச்சயமாகத் தீர்வதில்லை.

வினிகர் நீரை இன்றோடு நிறுத்துங்கள். "அமிலம் குறைவாகச் சுரப்பதால்தான் எதுக்களிக்கிறது" என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. வினிகரும் அமிலமே. புண்பட்டிருக்கக்கூடிய ஒரு தொண்டை வழியாகத் தினமும் அதை ஊற்றுவதில் என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

இனி, அந்தப் பதினாறு செருமல்

பேசும்போது ஒரு பெண்ணின் குரல் நாண்கள் நொடிக்குச் சுமார் 200 முறை ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. அரை மணி நேரம் இடைவிடாது குரல் எழுந்தால் 3,60,000 மோதல்கள். ஒன்றரை சென்டிமீட்டரும் இல்லாத இரண்டு மென்மையான மடிப்புகள் இந்த உழைப்பைத் தாங்குவது, மோதல் ஒவ்வொன்றும் இலேசாக இருப்பதால்தான். செருமல் அப்படிப்பட்டதன்று. நாண்களை இறுக மூடி, கீழிருந்து காற்றை முட்டவைத்து, உரசித் திறப்பது அது. அதனால் பின்பகுதித் திசு வீங்குகிறது. வீக்கத்தை மூளை "ஏதோ ஒட்டியிருக்கிறது" என்று படிக்கிறது. உரசலைத் தணிக்கத் திசு கொஞ்சம் கோழையைச் சுரக்கிறது. உடனே மறுபடி செருமத் தோன்றுகிறது. தொடங்கிவைத்தது ஒரு சளிக்காய்ச்சலோ, ஒவ்வாமையோ, அமிலமோ, எதுவாகவும் இருக்கலாம். எட்டு மாதம் கழித்து அதை ஓட்டிக்கொண்டிருப்பது செருமலாகவே இருக்க நல்ல வாய்ப்புண்டு. வெளியே எதுவும் வருவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே சளி இல்லை, சகோதரி. இருப்பது வீக்கமும், கூர்மையாகிவிட்ட உணர்வும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. குரல் கம்மும்போது வகுப்பின் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்று கழுத்துத் தசைகளை இறுக்கிப் பேசுகிறோம். சில வாரங்களில் அந்த இறுக்கமே வழக்கமான பேச்சுமுறை ஆகிவிடுகிறது. காலையில் சுமார், முற்பகலில் தேவலை, மாலையில் மோசம் என்ற உங்கள் நாள் கணக்கை மீண்டும் பாருங்கள். காலைக் கரகரப்புக்கு இரவில் ஏறும் அமிலம் காரணமாக இருக்கலாம், இரவெல்லாம் வாய் திறந்து தூங்கி உலர்ந்துபோனதும் காரணமாக இருக்கலாம். மாலைக் கம்மலுக்கு அமிலத்தைவிட வகுப்பறைதான் பொருத்தமான விளக்கம். எதுக்களிப்பு நோய்க்காக 2006இல் வெளியான மாண்ட்ரியல் சர்வதேச வரையறையும், குரல்வளை அழற்சியில் எதுக்களிப்பு பங்கேற்கலாம், ஆனால் அது தனியொரு காரணமாக இருப்பது அரிது என்றே சொல்கிறது.

குரலைக் காப்பதற்காக வீட்டில் கிசுகிசுத்தே பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல நோக்கம், தவறான வழி. அழுத்திக் கிசுகிசுக்கும்போது பலருக்குக் குரல்வளையின் மேற்பகுதித் தசைகள் கூடுதலாக இறுகுகின்றன. ஓய்வு வேண்டுமென்றால் பேசாமல் இருங்கள். பேசவேண்டும் என்றால் மெல்லிய, இயல்பான குரலில் பேசுங்கள். நாள் முழுவதும் வாயில் போட்டுக்கொள்ளும் மெந்தால் மிட்டாயும், சளி என்று நினைத்து எடுக்கும் ஒவ்வாமை மாத்திரையும் தொண்டையை உலர்த்தக்கூடியவை. புதினா வகைகள் கீழ்ச்சுருக்குத்தசையையும் தளர்த்தலாம்.

என் யோசனை

முதலாவது, குரல்வளையை மீண்டும் பார்க்கச் செய்யுங்கள், இம்முறை ஸ்ட்ரோபோஸ்கோபி வசதி உள்ள இடத்தில். ஆறு மாதங்களுக்கு முன் பார்த்தது இன்றைய குரலுக்குப் பதிலாகாது. சாதாரண வெளிச்சத்தில் நாண்களின் அதிர்வு கண்ணுக்குப் பிடிபடாது; ஸ்ட்ரோபோஸ்கோபியின் விட்டுவிட்டு வரும் ஒளியில் அது மெதுவாக நடப்பது போலத் தெரியும். சிறு முடிச்சு, நீர்க்கட்டி, ஒரு நாண் சோம்பலாக அசைவது போன்றவை அப்போதுதான் அகப்படும். பதிவான படத்தை உங்களுக்குக் காட்டி விளக்கும்படி கேளுங்கள், பிரதியும் கேளுங்கள். அது உங்கள் தொண்டை. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இரண்டாவது, அதில் பெரிதாக ஒன்றும் இல்லையென்றால், குரல் மற்றும் பேச்சுப் பயிற்சியாளரிடம் செல்லுங்கள். நான் மாத்திரைக்கு முன் வைப்பது இதைத்தான். மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கழுத்தை இறுக்காமல் பேசக் கற்றுத்தருவார்கள். செருமத் தோன்றும்போது வேறென்ன செய்வது என்றும் பழக்குவார்கள். ஒரு மிடறு தண்ணீர், வெறும் எச்சிலை அழுத்தி விழுங்குதல், வாயை மூடி மெல்ல "ம்ம்" என்று முனகுதல், இவற்றில் எது உங்களுக்கு ஒத்துவருகிறது என்று இன்றே தொடங்கிப் பார்க்கலாம். முதல் சில நாள் எரிச்சலூட்டும். உறுத்தல் அப்படியே இருக்கும்போது செருமாமல் இருப்பது எளிதன்று. இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் பலருக்கும் அந்த உறுத்தலே தணிகிறது.

மூன்றாவது, எதுக்களிப்பைத் தூண்டும் பழக்கங்களை மாற்றுவதற்குச் சோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இவற்றால் கேடு ஒன்றும் கிடையாது. இரவு உணவுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுங்கள். விடைத்தாள் திருத்திவிட்டுப் பத்தரைக்குச் சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுப்பதாக எழுதியிருக்கிறீர்களே, நான் முதலில் கைவைப்பது அதில்தான். கட்டிலின் தலைப்பக்கக் கால்களை 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். தலையணைகளை அடுக்குவது அதற்கு ஈடாகாது, இடுப்பில் மடிந்து வயிற்றைத்தான் அழுத்தும். இடப்பக்கம் சாய்ந்து தூங்குவதும் உதவும், ஏனெனில் அப்போது இரைப்பையின் பெரும்பகுதி உணவுக்குழாய் இணையும் இடத்துக்குக் கீழே அமைகிறது. கொழுப்பு மிகுந்த உணவு, சாக்லெட், காபி, நுரைக்கும் பானங்கள் ஆகியவற்றைப் பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் துறக்க வேண்டாம். ஒவ்வொன்றாகச் சில வாரம் விலக்கிப் பார்த்து, வித்தியாசம் தெரியாததைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். இறுக்கமான இடுப்புப் பட்டியைத் தளர்த்துவதும், எடை கூடுதலாக இருந்தால் குறைப்பதும் மாத்திரையைவிடச் சிலருக்கு அதிகப் பலன் தந்திருக்கின்றன. உணவுக்குப் பின்னும் படுக்கும் முன்னும் எடுக்கும் ஆல்ஜினேட் திரவம், இரைப்பையில் உள்ளதன் மேல் ஒரு படலமாக மிதந்து மேலேறுவதைத் தடுக்கிறது. சிறுநீரகம் அல்லது இதய நோய் இல்லாதவர் மருத்துவரைக் கேட்டு முயலலாம்.

இவற்றுக்கெல்லாம் மூன்று மாதம் கொடுத்தும் குரல் மசியவில்லையா? அப்போது எதுக்களிப்பை அளக்கும் 24 மணி நேர பிஎச் மற்றும் இம்பீடன்ஸ் சோதனை கேளுங்கள், மாத்திரை எடுக்காத நிலையில். மூக்கு வழியாக மெல்லிய குழல் ஒன்று ஒரு நாள் முழுவதும் இருக்கும், சற்று அசௌகரியம்தான். அமிலமாக வந்ததா, அமிலமில்லாமல் வந்ததா, எவ்வளவு உயரம் ஏறியது, நீங்கள் செருமிய நேரத்தோடு பொருந்துகிறதா என்று அது சொல்லும். உணவுக்குழாயில் அமிலம் இருந்த நேரம் மொத்த நேரத்தில் 4 சதவீதத்துக்குக் குறைவு என்றால் இயல்பு, 6 சதவீதத்துக்கு மேல் என்றால் நோய். இடைப்பட்டதை மற்றச் சான்றுகளோடு சேர்த்துப் பார்ப்போம். நோய் என்று வந்தால் மாத்திரையை மனக்குறையின்றி எடுக்கலாம். இயல்பு என்று வந்தால் அந்த அத்தியாயத்தையே மூடிவிடலாம்.

புற்றுநோய், பணி

உங்கள் கடிதத்தில் அச்சுறுத்தும் அறிகுறி எதுவும் இல்லை. புகைக்காதவர், இரண்டாம் மாதத்தில் குரல்வளையைப் பார்த்தபோது வளர்ச்சி ஏதும் இல்லை, காலை, மாலை என்று குரல் ஏறி இறங்குகிறது. புற்றுநோயில் கரகரப்பு பெரும்பாலும் இப்படி நடுவில் தெளிவதில்லை, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். உருண்டை உணர்வு சாப்பிடும்போது தடையாக இல்லாமல் சும்மா இருக்கும்போது தெரிவதும் ஆறுதலான அடையாளம். எனினும் விழுங்கும்போது வலியோ தடையோ, ஒரு பக்கக் காதுவலி, கழுத்தில் கட்டி, எச்சிலில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, மூச்சு விடும்போது சத்தம், இவற்றில் ஒன்று வந்தாலும் மூன்று மாதக் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். இந்த அறிகுறிகள் இல்லாத வேறு யாருக்குமே, நான்கு வாரம் கடந்தும் தெளியாத கரகரப்பு இருந்தால் குரல்வளையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பணியை விட வேண்டியதில்லை. சட்டைப்பையில் அடங்கும் சிறிய ஒலிபெருக்கி ஒன்றை வகுப்பில் பயன்படுத்த நிர்வாகத்திடம் கேளுங்கள், மருத்துவக் கடிதம் தேவையென்றால் தருவார்கள். அதை வைத்துக்கொள்வது ஆசிரியருக்கு இழுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடி அணிந்து பாடம் நடத்துவதை யாரும் இழுக்காக நினைப்பதில்லை. தொடர்ந்து இரண்டு வகுப்புகள் பேசினால் அடுத்த பத்து நிமிடம் பேசாமல் இருக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மாணவர்களைப் படிக்கவைத்துக் கேட்பதும் ஓய்வுதான்.

மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். அடுத்த மூன்று வாரம், வாரத்துக்கு ஒரு நாள், அதே சாப்பாட்டு மேசையில், உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் எண்ணச் சொல்லுங்கள். நீங்கள் இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், மறுநாள் காலையிலும் மாலையிலும் குரல் எப்படி இருந்தது என்பதை அதன் பக்கத்தில் எழுதிவாருங்கள். ஸ்ட்ரோபோஸ்கோபிக்குச் செல்லும்போது எண்டாஸ்கோபி அறிக்கையோடு அந்தத் தாளையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் கொடுங்கள்.